வெள்ளிக்கிழமைப் பதிவு

என் குரலைப் பற்றி நாகலூரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் ஆட்களை எண்ணி, யார் எந்தச் சரிவுக்குப் போவது என்று சொல்லி அனுப்புவதும், வேலை நடக்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. பாதித் தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. மேட்டில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால் கீழே ஓடையோரம் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தனபால் ரைட்டர் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாப்பில் கேட்கும் என்று ஊரில் கேலி செய்வதுண்டு. செய்யட்டும், வாங்குகிற சம்பளத்தில் பாதி இந்தத் தொண்டைக்குத்தான்.

என் மனைவி தீபிகாவுக்கும் தொண்டைதான் பிழைப்பு. ஏற்காடு டவுனில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறாள். என்னுடையதைப் போல முரட்டுக் குரல் இல்லை. ஆனால் தெளிவான குரல், நேராக வந்து சேரும். பள்ளி இல்லாத நாளில் வீட்டு வாசலில் நின்று "ஏனுங்க" என்று அவள் ஒரு முறை கூப்பிட்டால் கீழே காப்பிக் கொட்டை காயப்போடும் களத்தில் இருக்கிற எனக்குக் கேட்கும். சோறு ஆயிற்று என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மத்தியானம் என்பது அந்தச் சத்தம்தான்.

ஆடி மாதத்தில் அவளுக்குச் சேலத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டியை நல்லபடியாக எடுத்துவிட்டார்கள், பயப்படுகிற கட்டியும் இல்லை. ஆனால் மயக்கம் தெளிந்து அவள் என்னைக் கூப்பிட்டபோது வெறும் காற்றுதான் வந்தது. குரல் நாணுக்குப் போகிற நரம்பு அசந்து போயிருக்கிறது, சிலருக்குச் சில மாதத்தில் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது என்றார் டாக்டர். இந்தச் 'சிலருக்கு' என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வந்த கோபத்தை அங்கேயே விழுங்கிக்கொண்டேன்.

குரல் பயிற்சி கொடுக்க அங்கே ஞானசுந்தரி என்று ஒரு மேடம் இருந்தார். தொண்டையில் தையல் போட்டவளை வாரா வாரம் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி ஏற்ற வேண்டாம் என்று அவரே ஒரு வழி சொன்னார்.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரே பத்திய வாசிச்சு, லேப்டாப்ல பதிவு பண்ணி அனுப்புங்க. அதே லேப்டாப், அதே எடம், அதே தூரம். எதையும் மாத்தக் கூடாது, மாத்தினா போன வாரத்தோட ஒப்பிட முடியாது. மத்த நேரத்துல தொண்டைய அலட்டிக்காதீங்க. எங்கிட்ட போன்ல பேசக்கூட வேண்டாம், மெசேஜ் போடுங்க."

வாசிப்பதற்குத் தன் பாடத்திலிருந்தே நாலு வரியைத் தீபிகா எழுதி வைத்துக்கொண்டாள். செடி வேரால் நீரை எடுக்கிறது, இலையால் ஒளியை எடுக்கிறது என்று போகும். மேசையில் லேப்டாப் வைக்கிற இடத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டாள். நாற்காலிக்குத் தரையில் ஒரு கோடு. அவள் அப்படித்தான், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். பள்ளியில் அவள் இடத்தை ஜனவரி வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அளவுக்குக் குரல் வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே பேச்சு. சாமி கும்பிட்டால் அதற்குத்தான்.

வரவும் செய்தது. லேப்டாப் திரையில் அவள் குரல் கோடாக ஓடும். ஆவணியில் மண்ணிலிருந்து அப்போதுதான் எட்டிப் பார்க்கிற புல் மாதிரி இருந்த கோடு, புரட்டாசியில் விரல் உயரத்துக்கு எழுந்தது. ஞானசுந்தரி மேடம் ஒவ்வொரு வாரமும் ஒரு பூப்படம் அனுப்புவார். நான் அந்தப் பூவைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் பழம் உரிக்கிற மிஷின், தராசு, ஜீப், கவாத்துக் கத்தி என்று எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வீட்டில் அடுப்பு, மிக்சி, என் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் தீபிகா பொட்டு வைத்தாள். லேப்டாப்புக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள். கேட்டதற்கு, "என் கொரல பத்திரமா புடிச்சு வெக்கிற சாமானுங்க இது" என்றாள். அதோடு நிற்கவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு, பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்துப் புதுப்பொட்டு வைத்துவிட்டுத்தான் வாசிக்க உட்காருவாள். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. என் ஸ்கூட்டர் ஹெட்லைட்டின் மேல் பொட்டு வருஷம் முழுக்க இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் ஐப்பசியில் கோடு இறங்க ஆரம்பித்தது. முதல் வாரம் மழைச்சத்தத்தால் இருக்கும் என்றோம். அடுத்த வாரம் சளி என்றோம். அதற்கும் அடுத்த வாரம் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. கார்த்திகை பிறந்தபோது கோடு திரும்பவும் புல்லாகியிருந்தது. பூப்படம் வருவது நின்றுபோய் ஒரு மெசேஜ் வந்தது. தொடர்ந்து குறைகிறது, வருகிற திங்கட்கிழமை இறங்கி வாருங்கள், டாக்டர் பார்க்கட்டும், குரல் நாணில் ஊசி போட வேண்டி வரலாம் என்று இருந்தது. தீபிகா அதை என்னிடம் நீட்டிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

"எனக்கு உங் கொரலு நல்லாத்தானே கேக்குது புள்ள" என்றேன்.

"உங்களுக்கு நான் வாய அசைச்சாலே கேக்குமுங்க" என்றாள், பாதிக் குரலில். "மிஷின் பொய் சொல்லுமா?"

அதற்கு மேல் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இருக்கிற கொஞ்சமும் தேய்ந்துவிடும் என்று பயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட வாசலில் நின்று தட்டைக் கரண்டியால் தட்டினாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் முகம் மாறிவிடும். களத்தில் ஆட்கள் எதிரே நிற்கிறார்களே என்று கொட்டையைக் கிளறுகிற மாதிரி குனிந்துகொள்வேன். நானும் வீட்டில் மெதுவாகப் பேசப் பழகினேன். எங்கள் வீட்டைக் கடந்து போகிறவர்கள் ரைட்டர் ஊரில் இல்லை போல என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. விளக்கேற்றி, லேப்டாப்புக்குப் பொட்டு வைத்து, கோட்டுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு தீபிகா உட்கார்ந்தாள். பதிவை ஓடவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செடி வேரால் நீரை எடுக்கிறது என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, சமையல்கட்டு ஜன்னல் கம்பி வழியாக ஒரு குரங்குக் கை உள்ளே வந்து மேடையில் இருந்த வாழைச்சீப்பைப் பிடித்து இழுத்தது.

ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் குரங்கின் தலையில் இறங்கியது. நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத முடியாது, குரங்கின் வம்சம் முழுக்க அதில் வந்தது. குரங்கு சீப்பைப் போட்டுவிட்டு ஓடியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தீபிகா காதைப் பொத்திக்கொண்டு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பதிவு கெட்டுப் போச்சுங்க" என்றாள்.

"கொரங்கு வந்தா வேற என்ன பண்றது. கும்புட்டு வாழப்பழம் குடுக்கறதா?"

அவள் லேப்டாப் பக்கம் திரும்பினாள். எந்த இடத்தில் கெட்டது என்று பார்க்கப் பதிவை ஓட்டினாள். முதலில் அவள் வாசிப்பது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அப்புறம் பக்கத்து அறையில் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு நாய், அதுவும் எங்கோ தூரத்தில். அவ்வளவுதான்.

"உங்க சத்தம் எங்கீங்க?" என்றாள்.

"அதுக்குள்ள நிறுத்தியிருப்ப."

"நிறுத்தலீங்க." திரும்ப ஓட்டினாள். அந்த முனகல் வந்ததும் நிறுத்தி, திரையில் கோட்டைக் காட்டினாள். அவள் குரலுக்கு இருந்த அதே புல் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. "இதுதானுங்க நீங்க."

நான் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். வார்த்தை நான் சொன்ன வார்த்தைதான். சந்தேகமே இல்லை, அந்த வார்த்தையை இந்த ஊரில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது சரிவுக்குக் கேட்கிற என் தொண்டை அந்த லேப்டாப்பில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஆள் தண்ணீர் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 

"தீபி, எனக்கு ஆபரேஷன் ஒண்ணும் ஆகலியே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். சந்தோஷப்படப் பயந்தாள், எனக்குத் தெரிந்தது. நானும் பயந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரொனால்டுக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் அவன்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அவன் சொல்லச் சொல்ல தீபிகா செய்தாள்.

"சவுண்ட் செட்டிங்ஸ்குள்ள போங்கக்கா. இன்புட்ல மைக் அளவு எவ்வளவு இருக்குது?"

"எம்பது."

"நூறு வெச்சுப் பாருங்க."

வைத்தோம். நான் மூன்று முறை "அலோ" சொன்னேன். புல் அசையவில்லை. அடுத்து மைக் பூஸ்ட் என்று ஒன்றைக் கடைசி வரை ஏற்றச் சொன்னான். ஏற்றியதும் கேஸ் அடுப்பு எரிகிற மாதிரி ஒரு இரைச்சல் வந்தது, அதற்குள் என் அலோ எங்கேயோ கிடந்தது. இரைச்சலைக் குறைக்கிற வசதி ஒன்று இருக்கும், அது சில நேரம் பேச்சையும் சேர்த்து அமுக்கிவிடும், அதை அணையுங்கள் என்றான். அணைத்தோம். மைக்குக்கான டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுசாக இறக்கலாம் என்றான். மழைக்கு நெட் வேலை செய்யவில்லை.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம்தான், அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது. "ஏன்டா ரொனால்டு, இன்னும் எத்தன பொத்தான்டா இருக்குது அதுல?"

"இருங்கண்ணா, கத்தாதீங்க. மைக் ஓட்டை அடச்சிருக்கான்னு பாத்தீங்களா? மேல கேமரா இருக்குதில்ல, அதுக்குப் பக்கத்துல குண்டூசி மொனையாட்டம் ஒரு ஓட்டை இருக்கும். அதுதான் மைக்கு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். "இங்க ஓட்டையெல்லாம் ஒண்ணுமில்லடா. கேமரா இருக்குது, பக்கத்துல பொட்டுதான் இருக்குது."

ரொனால்டு குரலை இறக்கிக் கேட்டான்.

"என்ன பொட்டுங்ண்ணா?"

"சந்தனப் பொட்டு. இன்னைக்கு வெள்ளிக்கெழமை இல்ல."

நான் சொன்னது என் காதிலேயே விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். தீபிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கேமரா கண்ணாட்டம் இருக்குது, அத மறைக்கக் கூடாதுன்னுதான் பக்கத்துல வெச்சேன்" என்றாள் விரலுக்குள்ளிருந்து. "சின்னதா ஒரு புள்ளி இருந்துதுங்க. பொட்டு வெக்கறதுக்குத்தான் அடையாளம் பண்ணியிருக்காங்கன்னு அதும்மேலயே வெச்சேன்."

வாரா வாரம் ஈரத்துணியால் துடைத்தபோது பழைய சந்தனம் ஓட்டைக்குள் போய் இறுகியிருக்கிறது. மேலே புதுச் சந்தனம். குரல் இறங்குகிறதே என்று பயம் கூடக் கூட, வேண்டுதலும் கூடி, பொட்டும் தடிமனாகியிருக்கிறது. அறிவியல் டீச்சர் ஒருத்தி, எஸ்டேட் ரைட்டர் ஒருத்தன், இரண்டு பேரும் அதைத் தினம் பார்த்துக்கொண்டே அவள் தொண்டைக்காக அழுதிருக்கிறோம்.

முதலில் சிரித்தது ரொனால்டு. "எங்கம்மாவும் என் பிரிண்டர் மேல ஜெபமால தொங்க விட்ருக்குதுங்ண்ணா. நல்லவேள, அது எதையும் அடைக்கல" என்றான். அப்புறம் தீபிகா சிரித்தாள். மெதுவாக ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டார்ச்சை அணைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"இருடா, ஊக்குல குத்தி எடுத்தர்றேன்" என்று நான் ஊக்கை எடுத்துக் குத்தப் போனேன். "குத்தாதீங்ண்ணா, உள்ள மைக் ஓட்டையாயிரும்" என்று ரொனால்டு கத்த, தீபிகா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். லேப்டாப்பை அணைத்து, மூடியைக் கீழ்ப்பார்வையாகச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். ஈரச் சந்தனத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். காய்ந்ததை, விளக்குத் தேய்க்க வைத்திருந்த பழைய டூத் பிரஷால் மெல்ல வருடி உதிர்த்தாள். கடைசியில் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தாள். டேப்பில் மஞ்சளாக, சிவப்பாகப் பொடி வந்துகொண்டே இருந்தது. வருவது நின்றதும் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

திரும்ப ஓடவிட்டு அவள் "செடி" என்றாள். லேப்டாப் அதைத் திருப்பிச் சொன்னபோது எங்கள் பூனை கட்டிலுக்கடியில் ஓடியது. கோடு திரையின் மேல்விளிம்பை முட்டி நின்றது. நான் கை தட்டினேன்.

"இருங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை. "பூஸ்ட ஏத்தி வெச்சிருக்கோமுங்க. இது எங் கொரலு இல்ல. நம்மள நாமளே ஏமாத்திக்கக் கூடாது."

ஏற்றினதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு இறக்கினாள். அளவு எண்பது. பூஸ்ட் பழையபடி. அணைத்ததைத் திரும்பப் போட்டாள். லேப்டாப்பைச் சாக்பீஸ் கோட்டுக்கு நகர்த்தினாள், நாற்காலியைத் தரைக்கோட்டுக்கு. அவள் இப்படிச் செய்யச் செய்ய எனக்கு வேறு பயம் வந்தது. மைக் கெட்டிருந்தது சரி. குரலும் சேர்ந்து கெட்டிருந்தால்? இத்தனை வாரம் பயந்து பயந்து பேசாமலே இருந்தாளே, அதில் ஏதாவது ஆகியிருந்தால்? கைதட்டலோடு நிறுத்தியிருக்கலாமே, இவளுக்கு ஏன் இந்த நேர்மை என்று அவள்மேல் கோபம் வந்தது.

நாலு வரியையும் வாசித்தாள். முடித்துவிட்டு உடனே ஓட்டவில்லை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். முதலில் புரட்டாசியின் கடைசி வாரப் பதிவைத் தேடி எடுத்து ஓட்டினாள், பூப்படம் வந்தவற்றிலேயே நல்ல பதிவு அது. அது முடிந்ததும் இன்றையதை ஓட்டினாள்.

கேட்பதற்கு முன்பே திரையில் தெரிந்துவிட்டது. விரல் உயரத்தைத் தாண்டிக் கோடு ஓடியது. கேட்டபோது, அது அவள்தான். இலையால் ஒளியை எடுக்கிறது என்கிற இடத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது, மற்றபடி ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற அதே தீபிகா. ஐப்பசி முழுக்க, கார்த்திகை பிறந்த பிறகும், யாருக்கும் தெரியாமல் அந்தக் குரல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். இந்த முறை நானும் திரும்பிக்கொள்ளவில்லை.

பதிவை அனுப்பினோம். நெட் தூக்கத்திலிருந்து எழுந்து அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. மெசேஜ் வரும் என்று பார்த்தால் போனே வந்தது. தீபிகா தயங்கி எடுத்து, நடந்ததை அவளே தன் வாயால் சொன்னாள். பொட்டு என்றதும் அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை.

"திங்கக்கிழமை வாங்க, டாக்டர் ஒரு தடவ குழாய் விட்டுப் பாக்கட்டும்" என்றார் ஞானசுந்தரி மேடம். "ஆனா இந்தக் குரலுக்கு எதுக்குங்க ஊசி? இனிமே கொஞ்சம் சத்தமா பேசிப் பழகணும், அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

அன்றைக்கு லேப்டாப் பொட்டு இல்லாமல் வெறுமையாக இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. மூடிவைத்து, வெளிப்பக்கம் முழுக்க டார்ச் அடித்து, ஓட்டை எதுவும் இல்லை என்று என்னையும் பார்க்க வைத்துவிட்டு, நடுவில் சின்னதாக ஒன்று வைத்தாள்.

மறுநாள் வெயில் அடித்தது. களத்தில் கொட்டையைப் பரப்பி, பெண்கள் கால் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆகிவிட்டது, தட்டுச் சத்தம் வரவேண்டிய நேரம். பழக்க தோஷத்தில் நான் முன்கூட்டியே குனிந்துகொண்டேன்.

"ஏனுங்க."

மேலே வாசலிலிருந்து வந்தது. பழைய அளவுக்கு இல்லை, நடுவில் லேசாக உடைந்தது, ஆனாலும் காப்பிச் செடிகளைத் தாண்டி நேராக வந்து சேர்ந்தது. கொட்டை கிளறிக்கொண்டிருந்த காமாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரைட்டரே, டீச்சரம்மா கூப்புடறாங்க, கேக்கலீங்களா?"

"கேக்குது, கேக்குது. சும்மா இரு" என்றேன்.

பதில் கொடுக்காமல் நின்றேன். அவள் இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று.